ஒன்றரைச் சுற்று

கொல்லிமலைக்கு அப்போது மோட்டார் ரோடு கிடையாது. செம்மேட்டுக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர், பழத்தின் தோலுரிக்கும் மிஷினை ஓட்ட ஒரு பழைய கார் இஞ்சினை வாங்கினார். சேலத்தில் எங்கள் பட்டறையில் நானும் தம்பியும் அதைப் பிரித்துப் புதுப்பித்தோம். அடிவாரத்திலிருந்து மலைக்காரர்கள் பாகம் பாகமாக மூங்கிலில் கட்டித் தூக்கிப் போனார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி நானே சுமந்து ஏறினேன்.

அதைக் கடைசியாகத் தொட்டவன் தம்பி. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அந்த இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டான். "இதுல கை வெச்சுறாதீங்கண்ணா" என்றான். என் கைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை! மறுநாள் காய்ச்சலில் படுத்தான். பத்தாம் நாள் போய்விட்டான். நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதை ஒரு குறையாகவே பேசினார்கள். பேசட்டும் என்று, காரியம் முடிந்த மறுநாளே மலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பூட்டி முடிக்க மூன்று நாளானது. பெட்ரோல் விட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். நாலாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே இருமிற்று, கரும்புகை கக்கிற்று, நின்றுபோயிற்று. பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி.

காரணம் எனக்கு அப்போதே தெரியும். மலைமேல் காற்று லேசு. சேலத்தில் சரியாக இருக்கும் பெட்ரோல் அளவு இங்கே அதிகம். திருகைக் கொஞ்சம் மூடினால் தீர்ந்தது, அரை நிமிட வேலை. அதை விட்டுவிட்டு பிளக்கை மூன்று தரம் துடைத்தேன். சுத்தமாக இருந்த குழாயை ஊதினேன்.

சுமை தூக்கி வந்த வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க மலைக்காத்து இதுக்கு ஒத்துக்கலீங்களா?"

"ஒத்துக்கலீங்க" என்றேன்.

திருப்புளியை வைத்துக் கால் சுற்று மூடினேன். கீறல் ஒரு பக்கம், திருகு ஒரு பக்கம் ஆனது. ஹேண்டிலைச் சுற்றியதும் இஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. புகையே இல்லை. தோட்டத்து முதலாளி சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தொட்டதற்காகச் சண்டைக்கு வர அங்கே யாரும் இல்லை. தம்பி செத்துப்போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.