சால்வைக்கு முன்னால் கம்பம்

என் அத்தைக்குப் பாராட்டு விழா நடத்துவதற்காக, அவள் பந்து போட்டுப் பழகிய கம்பத்தையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், மதில் ஓரமாக, வளையத்தோடும் கிழிந்த வலையோடும் அது குப்புறக் கிடந்தது. மேடை போட இடைஞ்சலாம்! இப்படி ஒரு கூத்தை எங்கள் ஊர்க்காரர்களால்தான் செய்ய முடியும்.

அத்தை, அப்பாவின் தங்கை. கூடைப்பந்து ஆடியே சென்னையில் வங்கி வேலை வாங்கி, முட்டி தேயும்வரை அந்த வங்கியின் அணிக்காக ஆடி ஓய்வு பெற்றவள். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை எல்லாருக்கும் முன்னால் எகிறிப் பிடிப்பதுதான் அணியில் அவள் வேலை. முந்திரிக்காட்டு ஊர் அல்லவா, சின்ன வயதில் அவளை ‘முந்திரிக்கொட்டை’ என்றுதான் ஏசினார்கள். பொம்பளைப் பிள்ளை எதிலும் முந்தக் கூடாதாம். “கொட்ட வெளிய இருந்தாத்தான்டி அது முந்திரி. உள்ள இருந்தா அதுக்கு வேற பேரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ அப்படி ஏசியவர்களை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று விழாக் கமிட்டித் தலைவர் அத்தையைப் பற்றி, கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் விளையாட்டுக்காகத் தியாகம் செய்தவர் என்று மேடையில் உருகினார். அத்தை மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

“தியாகமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆசப்பட்டேன், ஆடுனேன். கம்பத்த எப்ப திரும்ப நடுவீங்க?”

“பாத்துக்கலாம்மா. மொதல்ல சால்வய வாங்கிக்குங்க” என்றார் தலைவர்.

“பாத்துக்கலாம்னா நட மாட்டீங்கன்னு அர்த்தம். நாளைக்கு இந்த ஸ்கூல் புள்ளைங்க எதுல பந்து போடும்? கம்பம் நிக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்.”

“திமிரப் பாரு” என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். “ஆமாங்க, திமிருதான்” என்றேன் நான், அவர் காதில் விழும்படியே. அத்தை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மேடையைப் பின்னுக்குத் தள்ளி, கடப்பாரை கொண்டுவந்து, வெள்ளை வேட்டிக்காரர்களே கல்லும் மண்ணும் போட்டு இடித்துக் கம்பத்தை நட்டார்கள்.

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சால்வையை விரித்தபோது மேடையில் அத்தை இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளிப் பெண்பிள்ளைகளோடு பந்துக்கு மோதிக்கொண்டிருந்தாள்.

இப்போது அத்தையால் குனிந்து நிமிர முடிவதில்லை. கம்பம் அங்கேயேதான் நிற்கிறது; சாயங்காலமானால் அதன் அடியில் பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளக்கிறது. விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எவராவது அதில் கை வைத்துப் பார்க்கட்டும். நான் இருக்கிறேன்.