மூன்றாம் பெட்டியின் பேட்டரிகள்

ஹவுராவிலிருந்து வரும் படகில் இருந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர் மானஸ் போன் செய்தார். வசந்திதி, அதாவது வசந்தி அக்கா, காலையில் இறந்துவிட்டார் என்று வங்காளத்தில் சொன்னார். "திங்கக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்களே" என்று நான் தமிழில் உளறினேன். கரை வந்ததும் இறங்கத் தோன்றவில்லை. படகுக்காரர் தோளைத் தட்டித்தான் இறக்கிவிட்டார்.

என்னோடு ஆராய்ச்சி செய்த வசந்தியின் பிடிவாதம் இங்கே கூடியிருக்கும் உங்களுக்கும் தெரியும். இரண்டு ரேடியோக்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுப்போகும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். "படிச்சது இருக்கட்டும் சார், வச்சுப் பாத்துருவோம்" என்றார். வெப்பத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும் சோப்புப் பெட்டி அளவுக் கருவிகளை, வராந்தாவின் தரை ஓடுகளை எண்ணி, சாக்கட்டியால் குறியிட்டு வைத்தார். ஆள் நடமாடினால் அலை மாறும் என்று துர்கா பூஜை விடுமுறையில் சோதனை. இரண்டு பெட்டிகள் ஒன்றாகப் பேசியும், செய்தியை வாங்கும் கருவிக்குப் பக்கத்தில் இருந்ததன் செய்தி முழுசாக வந்து சேர்ந்தது. கை தட்டிக் குதித்தார்.

அஷ்டமியன்று, பந்தலில் மகளைப் படம் எடுக்க என் கேமராவின் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. மூன்றாம் பெட்டியின் புது பேட்டரிகளை எடுத்துக்கொண்டு பழையதை அதில் போட்டேன். விளக்கு எரிந்தது, போதும் என்றிருந்துவிட்டேன். மறுநாள், அலை வலுவிழந்து, பக்கத்திலிருந்த அந்தப் பெட்டி தூரத்துப் பெட்டியிடம் தோற்றுக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, தேநீர் குடிக்கும்போது வசந்தி கேட்டார்: "கிட்ட இருக்கறது ஏன் சார் தோக்குது? உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

"செவுரா இருக்கலாம்" என்றேன். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. காளி பூஜை விடுமுறையில் முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்தார். நானும் கூட நின்று ஓடு எண்ணினேன்.

போன வாரம், லேக் கார்டன்ஸில் இருக்கும் வசந்தியின் வீட்டில் அவர் கணவர் சோதனை நோட்டைக் கொடுத்தார். நவமி நாளின் பக்கத்தில் வசந்தியின் கையெழுத்து: "3 - பேட்டரி பழசு. சாரோட கேமராவுது. அவரே சொல்லட்டும்."

அப்படியானால் தேநீர் வேளையில் எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார். கோபமா, இரக்கமா, சீண்டலா? எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் தினமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று எனக்குத்தான் இப்போது அவர்மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபமும் நியாயமா என்று தெரியவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் என்னோடு வைத்துக்கொண்டேன். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்: வசந்தி, பேட்டரியை மாற்றியது நான்தான்.