ராஜா வசனம் மறந்த இடம்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஷமீம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷூ கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே தையல் பிரிவு. அக்காவின் கணவர் போன வருஷம் தவறிவிட்டார்.

நான் போனில் ஒரு ஆர்கெஸ்ட்ரா இசை கேட்டுக்கொண்டிருந்தேன். மகளைத் துரத்திவிட்டுப் புயலில் அலையும் ராஜாவைப் பற்றிய பழைய நாடகத்தை வைத்து அமைத்தது. அக்காவிடம் சொன்னேன்.

"அந்த ராஜாவா? எங்க வூட்டுக்காரரு ஆம்பூர் மேடையில அந்த வேஷந்தான் கட்டுவாரு. குடு, கேக்கறேன்."

ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன்.

"பேச்சே இல்லியேமா?"

"வெறும் வாத்தியம்தான்கா."

முரசுகள் இடித்தன. வயலின்கள் சீறின. திடீரென்று எல்லாம் நின்றது. போன் நின்றுவிட்டதோ என்று பார்க்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. புயல் முடிஞ்சதும் இங்கதான் அவருக்கு வசனம் மறந்து போவும். ஒவ்வொரு தடவையும்."

ஒற்றை வயலின் மெதுவாக ஆரம்பித்தது.

"வந்துடுச்சு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி வாசலில் இறங்கும்போது, "அவரப் பத்தி இப்ப யாருமே பேசறதில்லமா," என்றார்.

ஆம்பூர்க்காரர்களே, அந்த நாடகத்தைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். அக்காவுக்குப் படித்துக் காட்டுகிறேன். ராஜா சொதப்பியதை எழுதினால் இன்னும் நல்லது.