முப்பத்து நான்கு நாள் பிந்திய வயல்

அந்த ஆண்டு கார்த்திகை மழை பொய்த்துவிட்டது. மார்கழி பிறந்தபோது குளத்தில் ஒன்பதரை அடித் தண்ணீர்தான் நின்றது. எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, குளத்து மதகான துருசைப் பூட்டும் நாளுக்குள் விளையமாட்டாத வயல்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். அவற்றுக்குத் தண்ணீரை நிறுத்தினால் மற்ற வயல்கள் தப்பும் என்பது அவருடைய எண்ணம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. உருத்திரபுரத்துக்கு நீர்ப்பாசன ஓவசியராக நான் மாற்றலாகி வந்த முதல் காலபோகம், மாரி நெற்செய்கைக் காலம். என் வாய்க்காலில் நாற்பத்தொரு வயல். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் விட ஒரு சிறு கதவு. எல்லா வயலிலும் மொட்டைக்கறுப்பன் நெல். ஐந்து மாத நெல் என்றார்கள். நான் அதை நூற்றைம்பது நாள் என்று எடுத்து, ஒவ்வொரு வயலின் விதைப்பு நாளோடும் கூட்டினேன். நாற்பது வயல் தேறியது. ஒன்று தேறவில்லை.

அது செல்லம்மாவின் வயல். புருஷன் ஆசுப்பத்திரியில் கிடந்தார். அயலவர்கள் தங்கள் உழவை முடித்த பிறகே அவவுக்கு எருமைகள் கிடைத்தன. பக்கத்து வயல் முருகேசுவைவிட முப்பத்து நான்கு நாள் பிந்தித்தான் விதைத்திருந்தா. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். அதே விடைதான்.

மார்கழிக் கடைசியில், ஒரு காலையில், கதவைப் பூட்டத் திறப்போடு போனேன். அவ கதவடியில் நின்றா.

"ஓவசியர் ஐயா, பூட்டத்தான் வந்தனீங்களோ?"

நான் கொப்பியை விரித்து விளக்கினேன். முருகேசுவின் பயிருக்கு இன்றோடு நூறு நாள், உங்கள் பயிருக்கு அறுபத்தாறு.

"அது உங்கட கொப்பியில. வயலுக்க இறங்கிப் பாத்தனீங்களோ?"

இறங்கவில்லை. நாற்பத்தொரு வயலையும் வரம்பில் நின்றே பார்த்திருந்தேன். முருகேசு தன் வரம்பில் இருந்தபடி, "ஐயாவின்ர காற்சட்டை நனைஞ்சிடுமெல்லே" என்றார்.

செல்லம்மா சேற்றில் இறங்கி ஒரு தண்டைப் பிடுங்கி, அரிவாள் நுனியால் நெடுகக் கீறிக் காட்டினா. உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, பிஞ்சுக் கதிர். சட்டைப்பையில் இருந்த அடிமட்டத்தை வைத்தேன். அரை அங்குலம். காற்சட்டையை மடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். அவவின் வயலில் பத்துத் தண்டு, முருகேசுவின் வயலில் பத்துத் தண்டு. முருகேசுவினது இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட. முப்பத்து நான்கு நாள் வித்தியாசம் ஒன்றரை அங்குலமாகச் சுருங்கியிருந்தது.

இது எப்படி என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? போன வருசமும் பிந்தித்தான் விதைச்சனான். எல்லாரோடயும் சேர்ந்துதான் வெட்டினனான்."

கதவைப் பூட்டாமல் எஞ்சினியரின் கந்தோருக்குச் சைக்கிளை மிதித்தேன். எஞ்சினியர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப உம்மட கணக்குப் பிழையோ?"

"ஓம் சேர். துருசைப் பூட்ட ஒரு கிழமை பிந்தினால் அந்த வயலும் தப்பும்."

"தண்ணி காணாமப் போனா மற்ற நாற்பது பேருக்கும் நீர்தான் பதில் சொல்லவேணும். தெரியுந்தானே?"

தெரியும் என்றேன். ஏழு நாள் தந்தார்.

தைமாதம் முழுக்க எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. முருகேசுவின் வயலில் கதிர் வெளிவந்து ஆறாம் நாள் செல்லம்மாவின் வயலிலும் வந்தது. பயிர் முருகேசுவினதைவிட ஒரு சாண் கட்டை; ஏக்கருக்கு ஏழு புசல் குறைவு. ஆனாலும் விளைந்தது. அவ அறுவடை செய்தா.

பிறகு ஒரு விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்தேன். இந்த நெல் விதைத்த நாளிலிருந்து எண்ணுவதில்லையாம். பகல் குறுகும் வரை காத்திருந்து, குறுகியதும் கதிரைக் கட்டத் தொடங்குமாம். எங்கள் பக்கத்தில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணித்தியாலந்தான். கையில் மணிக்கூடு கட்டியிருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை, நெல் கவனித்திருந்தது. அறுபதுகளில் வந்த புது இன நெல்கள் வேறு மாதிரி. அவை நாளைத்தான் எண்ணின. பிந்தி விதைத்தால் பிந்தித்தான் வெட்டலாம். இரண்டும் நெல்தான், ஒரே சேறுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நாட்காட்டியை எறிந்துவிட வேண்டியதில்லை. நான் எறியவில்லை. ஒரு பயிரின் நாளைக் கூட்டுமுன், அது எதை எண்ணுகிறது என்று கேளுங்கள். அடுத்த போகத்தில் என் கொப்பியில், விதைத்த நாளுக்குப் பக்கத்தில், தண்டில் கதிர் கண்ட நாள் என்று இன்னொரு கட்டம் கீறினேன். அந்த இடத்தை வரம்பில் நின்று நிரப்ப முடியாது.