சித்தி துலக்கிய பதினோரு எழுத்து

என் சித்திக்கு எழுத்து தெரியும், படிக்கத்தான் தெரியாது. இப்படிச் சொன்னால் அம்மா கரண்டியோடு வருவாள். ஆனால் நிஜம் அதுதான். ஒரு நோட்டீஸைச் சித்தி கையில் கொடுத்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்த வரி இடது பக்கம் ஒரு மயிரிழை சாஞ்சிருக்குடா" என்பாள். நோட்டீஸ் காணாமல் போன நாயைப் பற்றியது என்பது, நாய் வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரியவரும்.

ஒன்பது வருடம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததால் வந்த வினை இது. விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், மருந்துப் பெட்டி, பள்ளிக்கூட அடையாள அட்டை என்று வந்ததையெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எழுத்தின் விளிம்பில் இருக்கும் பிசிறை நீக்கித் துலக்குவாள். அவ்வளவு பெரிதாக்கினால் எழுத்து எழுத்தாக இருக்காதாம். கறுப்பு மலையாக, வளைந்த கடற்கரையாக இருக்குமாம். "அதோட ஓரமா நடந்து போயிட்டே இருப்பேன்டா" என்று ஒருநாள் சொன்னாள். அப்போது அவள் கையில் இருந்தது வெறும் டீ டம்ளர். அதன் விளிம்பையும் விரலால் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அந்த அச்சகத்தில்தான் 'யானை' இருக்கிறது. அது ஒரு பழைய பச்சை நிற மெஷின். ஓடும்போது தும்பிக்கையால் காற்றை இழுப்பதுபோல் ஒவ்வொரு தாளாக உறிஞ்சி எடுக்கும். முதலாளி அதைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். சித்தியை மட்டும் 'கண்ணாடி' என்பார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சித்தி வேறு வேலைக்குப் போனாள். நான்கே பேர் உள்ள ஆபீஸ். கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைய வழி இருக்கிறதா என்று மற்ற கம்பெனிகளுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிற வேலை. பத்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால், எனக்கு இந்த வேலை புரிய நாளாயிற்று. "பூட்டு சரியாப் போட்டிருக்கானான்னு இழுத்துப் பாக்குறதுடா" என்றாள் சித்தி. அது புரிந்தது. அதை நான் தெருவில் சும்மாவே செய்துகொண்டிருந்தேன், சம்பளமில்லாமல்.

போன வருடம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு கண் மருத்துவமனை தன் நோயாளிகளின் அறிக்கைப் புத்தகங்களையெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒரே அச்சகத்தில் அடிக்க நினைத்தது. யாருக்கு எந்தக் கண்ணில் என்ன கோளாறு என்பது வெளியே போகக்கூடாது. ஐந்து சின்ன அச்சகங்கள் கேட்டிருந்தன. எது பத்திரமானது என்று ஒப்பிட்டு நூற்றுக்கு மார்க் போட வேண்டும். முதல் மார்க் வாங்குகிற அச்சகத்துக்கு வேலை.

ஐந்தில் ஒன்று யானையின் அச்சகம். யானை அப்போது வாரத்தில் இரண்டு நாள் சும்மா நின்றது. நான்கு ஆட்களில் ஒருவரை முறை வைத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் முதலாளி. சித்தி தன் மேலதிகாரியிடம், "சார், நான் அங்க வேலை பார்த்தவ" என்று முதலிலேயே சொன்னாள். அவர், "கேள்வித்தாள் அஞ்சு பேருக்கும் ஒண்ணுதான், எல்லாத்துக்கும் போட்டோ ஆதாரம் எடுத்துடுங்க, போதும்" என்றுவிட்டார்.

ஒரு வாரம் சித்தி அச்சகம் அச்சகமாகப் போய்வந்தாள். சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து, கண்ட கனவைச் சொல்கிறவள்போல மெதுவாகச் சொல்வாள்.

முதல் அச்சகத்தில் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். "மேல ஒட்டினாத்தானேம்மா தப்பு?" என்று அந்த ஆள் கேட்டாராம். இரண்டாவதில் வைரஸ் தடுக்கும் மென்பொருளை விலை கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. மூன்றாவதில் மெஷின் சத்தத்தில் காது கேட்காது. அதனால் பாஸ்வேர்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தித்தான் சொல்வார்கள். சித்தி உள்ளே போய்க் கேட்டபோது பக்கத்துக் கடைத் தையல்காரர் ஜன்னல் வழியாகப் பதில் சொன்னார்.

நான்காவது அச்சகக்காரர் வேறு மாதிரி. வேலை முடிந்ததும் சாயங்காலம் எல்லா ஃபைலையும் அழித்துவிடுவார். "எதுவுமே இல்லன்னா எதைத் திருடுவான்?" மறுநாள் வாடிக்கையாளர் வந்து இன்னும் நூறு அடிங்க என்றால் திரும்ப முதலிலிருந்து. அவருக்கு எழுபத்துநான்கு மார்க்.

ஐந்தாவது யானை. வெளியிலிருந்து வருகிற பென் டிரைவைச் செருக நெட் இல்லாத தனிக் கம்ப்யூட்டர். எந்த ஃபைலை யார் எப்போது அழித்தார்கள் என்று ஒரு நோட்டு. எல்லாம் சித்தி அங்கே இருந்தபோது பழக்கியது, அப்படியே இருந்தது. பாஸ்வேர்ட் பழசு என்பதற்காக நான்கு மார்க் குறைத்தாள், இன்னும் சில்லறைக் குறைகளுக்கு ஐந்து. தொண்ணூற்றொன்று.

"உன் ஆளுங்களுக்கே முதல் மார்க்கா?" என்றாள் அம்மா.

"கணக்குப்படி வந்துச்சுக்கா" என்றாள் சித்தி. முகத்தில் மட்டும் விளக்கு எரிந்தது.

மார்க் அறிக்கையை மறுநாள் அனுப்ப வேண்டும். அன்று மத்தியானம் நான் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தேன். மழை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி வெளிச்சம். சுவரில் காலண்டர் காற்றில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் பழைய காலண்டர் அது. தேதியெல்லாம் செத்துவிட்டது. படத்துக்காக மாட்டி வைத்திருந்தோம். யானையின் அச்சகம் தன் வாடிக்கையாளர்களுக்கும் ஊரிலுள்ள மற்ற அச்சகங்களுக்கும் கொடுத்தது. நடுவில் யானை, சுற்றி ஆட்கள், ஓரத்தில் பாதி முகமாகச் சித்தி. பின்னால் ஒரு வெள்ளைப் பலகை.

சித்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது.

"சித்தி, என் கேம் பாஸ்வேர்ட் என்னன்னு சொல்லு பாப்போம். பெரிய திருடன் புடிக்கிறவதானே நீ."

"போடா வேலையத்தவனே."

"உன் மூக்குக்கு நேரா தொங்குது. ரெண்டு வருஷமா அதைத்தான் வச்சிருக்கேன்."

"எங்கடா?"

"காலண்டர்ல. உன் தலைக்குப் பின்னாடி பலகையில. யானைன்னு இங்கிலீஷ்ல ஆறு எழுத்து, அப்புறம் நாலு நம்பர், கடைசியா ஒரு நட்சத்திரம். நல்லா இருந்துச்சு, சுட்டுட்டேன்."

சித்தி சிரிப்பாள் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த சத்தமே கேட்கவில்லை. எழுந்து காலண்டரிடம் போய், மூக்கு தாளில் படும் அளவுக்கு நின்றாள். உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல.

"இது மெயின் கம்ப்யூட்டரோடதுடா" என்றாள். "முதலாளி வீட்டுல இருந்துகூட இதை வச்சுத்தான் திறப்பாரு."

பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. மெஷின்காரர் அடிக்கடி மறந்துபோகிறார் என்று முதலாளி அதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். இப்படி எழுதக்கூடாது என்று சித்தி சொல்லி, அந்த வாரமே அழித்தும் விட்டார்கள். ஆனால் காலண்டருக்கான போட்டோ அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. போட்டோவில் பலகை எழுத்து மங்கலாகத்தான் விழுந்திருந்தது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். ஓர் அச்சகத்தின் சொந்தக் காலண்டரில் எழுத்து மங்கலா? சித்திக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, பெரிதாக்கி, பதினோரு எழுத்தின் விளிம்பையும் துலக்கியிருக்கிறாள். மலையும் கடற்கரையுமாக நடந்தே போனவள், எந்த ஊரில் நடக்கிறோம் என்று பார்க்கவில்லை.

"ஆயிரத்து ஐநூறு காப்பி" என்றாள்.

தன் போனை எடுத்து, ஆதாரத்துக்கு எடுத்த படங்களைத் தள்ளினாள். முதல் அச்சகத்தின் கீபோர்டு, அதற்கு மேலே சுவரில் அதே காலண்டர். இரண்டாவதில் அலமாரிக்குப் பக்கத்தில். மூன்றாவதில் தையல்காரர் எட்டிப்பார்த்த ஜன்னலுக்கு அருகில். நான்காவதில்கூட இருந்தது. எல்லாவற்றையும் அழிக்கிற மனிதர் இதை மட்டும் வைத்திருந்தார். போகிற இடமெல்லாம் அவளுடைய பாதி முகமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "சித்தி, இப்பவே போன் போட்டு மாத்தச் சொல்லிடு. அப்படியே மார்க்கை அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆயிரத்து ஐநூறு பேருக்குத் தெரியும்டா" என்றாள். "அதுல ஒரு கிறுக்கன் கேமுக்கு வேற வச்சிருக்கான்."

அடுத்த அரைமணி நேரத்தில் நாங்கள் காலண்டரோடு அச்சகத்தில் இருந்தோம். அன்று யானை ஓடாத நாள். மெஷின் நின்றால் அந்தக் கூடம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தாள்தூசி மெல்ல நீந்தும். மை வாசனை மட்டும் விழித்திருக்கும். முதலாளி துணியால் யானையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா கண்ணாடி. மார்க் போட்டுட்டியா? பாஸா, ஃபெயிலா?"

"அண்ணே, மெயின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை இன்னும் மாத்தலையா?"

"எதுக்கு மாத்தணும்? பலகையைத்தான் அழிச்சாச்சே." துணியை மடித்தார். "நீ இருந்தப்ப வச்சது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

சித்தி காலண்டரை நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "முதல்ல அதை மாத்துங்கண்ணே. இதை நான் எழுதித்தான் ஆகணும். எழுத்தைத் துலக்குனது நான்னும் எழுதுவேன். மார்க் அறுபத்துச் சொச்சத்துக்கு வந்துடும்."

வீட்டுக்கு அனுப்பப்பட்ட மெஷின்காரரின் சட்டை ஆணியில் தொங்கியது. முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு வருஷ வேலை, கண்ணாடி."

"தெரியும்ணே."

"உன் மேலேயும் குத்தம் சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்தார். அச்சுப்புள்ளி பார்க்கிற லென்ஸ். காலண்டரை மேசையில் விரித்து, பலகையின் மேல் அதை வைத்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நான் வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"பாவி" என்றார் கடைசியில். "விளிம்பு எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. அந்த நட்சத்திரத்துக்கு அஞ்சு முனையும் எடுத்திருக்கா."

சித்தி மூக்கை உறிஞ்சினாள். கண்ணாடி பனித்திருந்தது. நான் எதையும் பார்க்காதவன்போல யானையின் பொத்தானை அழுத்தப் போனேன். இருவரும் ஒரே குரலில், "டேய்!" என்றார்கள். அதற்காகத்தான் போனேன்.

அறிக்கை போயிற்று. யானைக்கு அறுபத்தாறு. வேலை, எல்லாவற்றையும் அழிக்கிற மனிதருக்குக் கிடைத்தது, தினமும் ஒரு நகல் எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இனி தெரிந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று மேலதிகாரி சித்தியிடம் சொல்லிவிட்டார். அவள் ஒப்பிட்டதையெல்லாம் வேறொருவரை அனுப்பித் திரும்பப் பார்க்கவும் செய்தார். ஒரு மார்க்குகூட மாறவில்லை. யானை இன்னும் வாரத்தில் இரண்டு நாள் நிற்கிறது. அதைச் சொல்லும்போது சித்தியின் விரல் டம்ளர் விளிம்பில் நின்றுவிடும்.

நான் கேம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். காலண்டரைத் திரும்பச் சமையலறைச் சுவரிலேயே மாட்டிவிட்டோம். இப்போது அந்தப் பதினோரு எழுத்தும் எதையும் திறக்காது.

போன வாரம் முதலாளி சித்திக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அடுத்த வருடக் காலண்டருக்கு. "துலக்கறதுக்கு உன்னை விட்டா ஆளில்லை, கண்ணாடி" என்று எழுதியிருந்தார்.

மத்தியானம் சித்தி கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல் தரையில். பலகை காலியாக இருந்தது. அப்படியும் அவள் விடவில்லை. மை டப்பாவின் மேல் உள்ள எழுத்து, மெஷின்காரரின் பனியனில் உள்ள எழுத்து, சுவரில் தொங்கும் தீயணைப்பானில் உள்ள பொடி எழுத்து, எல்லாவற்றையும் வாய்விட்டு, விரல் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். "அ... ழு... த்... த... வு... ம்..." அவள் குரல் தூரத்தில் தாள் உறிஞ்சுகிற யானைபோலச் சீராக வந்துகொண்டிருந்தது. எந்த எழுத்தில் தூங்கிப்போனேன் என்று எனக்குத் தெரியாது.