மாமாவுக்குச் சம்பளம் வந்த காலம்

எங்கள் ஊரில் அந்த நாளில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். மற்றவர் என் மாமா. வாத்தியார் வேலை செய்து வாங்கினார். மாமா ஒரு வேலையும் செய்யாமலே வாங்கினார். ஆகையால் இருவரில் பெரியவர் மாமாதான் என்று எட்டு வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன்.

வகுப்பில் ஒருநாள் வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்று, என் மாமா அரசாங்கச் சம்பளம் எடுக்கிறார் என்றேன். வாத்தியாருக்கு வியப்பு. "என்ன சம்பளம் புள்ள?" என்று கேட்டார். "பிச்சைச் சம்பளம்" என்று உரத்துச் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஏதோ நல்ல பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். தலைமை வாத்தியாருக்குத் 'தலைமை' போல, அந்தச் சம்பளத்துக்குப் 'பிச்சை' ஒரு பட்டம் என்பதுதான் என் எண்ணம்.

உழைக்க ஏலாதவர்களுக்கும் ஆதரவில்லாத கிழவர்களுக்கும் அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலிருந்து மாதாமாதம் சிறிய தொகை ஒன்று கொடுக்கும் வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அரசாங்கம் அதற்கு நல்ல பெயர் ஏதாவது வைத்திருக்கும். ஊர் வைத்த பெயர் இது. இன்றைக்கும் மாறவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. வாவிக்கு மேற்கே எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு உரியது. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அப்படிப் போக வழியில்லாமற் போனவர் மாமா. இளந்தாரியாக இருக்கும்போது வயல் வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போயிருக்கிறார். யானை வந்து பரணின் காலை முறித்திருக்கிறது. யானை இவரை ஒன்றும் செய்யவில்லை. மேலேயிருந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. பரியாரியார் பத்துப் போட்டு, எண்ணெய் கட்டி, கடைசியில் கையை விரித்தார். அதன் பிறகு மாமா இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, இருந்த இருப்பிலேயே நகர்ந்து திரிந்தார். கைகள் மட்டும் உலக்கை மாதிரி இருக்கும். தும்புக் கயிறு திரிப்பார். அவர் திரித்த கயிற்றில் கட்டிய மாடு அறுத்துக்கொண்டு போனதில்லை என்று அப்பாவே சொல்வார்.

சம்பளத்துக்காக அவரைப் பார்க்க முதல்முறை வந்த கச்சேரி ஐயா தோணியில் துறை கடந்து, ஊர் அதிகாரியான விதானையார் குடை பிடிக்க, வேர்த்து விறுவிறுத்து வந்தார். வந்ததும் வராததுமாக மாமாவைப் பார்த்து, "எங்க, ஒருக்கா எழும்பி நில்லு பாப்பம்" என்றார். மாமா சிரித்துவிட்டார். "எழும்பி நிக்க ஏலுமெண்டா ஐயா துறையில இறங்கக்குள்ளயே நான் வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பன்" என்றார். ஐயாவுக்கும் சிரிப்பு வந்தது. சம்பளமும் வந்தது.

அதற்கு முன்பு ஊரில் மாமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். சம்பளம் வந்த பிறகு அந்தப் பெருமூச்சு நின்றுபோனது. கிணற்றடியில் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "அவருக்கென்ன கா, வெயிலா மழையா, குந்திக்கொண்டு இருக்கிறார், மாசம் பிறந்தாக் காசு." உழுது விதைத்து வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவர்கள் சொன்னது அது, அவர்கள் பேரிலும் முழுதாகக் குற்றம் சொல்வதற்கில்லை. காத்தான்குடியிலிருந்து புடவை மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி காக்காவிடம் மாமா ஒரு வேட்டி வாங்கினால், அன்று மாலைக்குள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நடக்காத மனிதனுக்குப் புது வேட்டி என்னத்துக்கு என்று கேட்டார்கள். சுருட்டுக் குடித்தால், அரசாங்கக் காசு புகையாகப் போகுது என்றார்கள். கயிறு திரித்தால், கை நல்லாத்தானே கிடக்கு, பிறகேன் சம்பளம் என்றார்கள். அதனால் மாமா கயிற்று வேலையைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டார். உழைக்காமல் சாப்பிடுகிறார் என்று பேச்சு வாங்கிய மனிதர், தான் உழைப்பதை ஒளித்துச் செய்தார். எனக்கு அது ஒளித்துப்பிடித்து விளையாட்டு மாதிரி இருந்தது. யாராவது வாசல் படலையடியில் தலை காட்டினால் ஓடிப்போய் அவருக்குச் சொல்வேன்.

காக்கா மட்டும் எப்போதும் போல வாசலில் மூட்டையை அவிழ்த்துவைத்து, "வாங்க தம்பி, நீங்க பாக்காம ஆர் பாக்கிற?" என்று மாமாவைக் கூப்பிடுவார்.

அந்த வருடம் வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. கதவு திறக்கும் நாளன்று ஊரவர் எல்லாரும் கோயில் முற்றத்தில் கூடுவார்கள். கோயில் காரியத்தை நடத்துகிற வண்ணக்கர் ஒவ்வொருவர் பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்துக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் எழுந்து போய்த் தன் பங்கு நெல்லையோ காசையோ வைத்து, வெற்றிலையும் மஞ்சள் நீரும் வாங்கிக்கொண்டு வருவார். பெண்கள் குரவை இடுவார்கள். பேர் கூப்பிடப்பட்டவன் ஊரில் ஓர் ஆள். விழுவதற்கு முன்பு மாமாவின் பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். விழுந்த பிறகு அவர் அக்காள் வீட்டுக்குள் ஒருவராக அடங்கிப் போனார்.

சடங்குக்கு முதல்நாள் மாமா அப்பாவிடம், "மச்சான், இந்த முறை என்ட பேருக்கு நான் ஒரு பங்கு வைக்கப் போறன்" என்றார்.

அப்பா நல்ல மனிதர். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நான் வைக்கிறது உங்களுக்கும் சேத்துத்தானே மச்சான். ஒரு வீட்டுக்குள்ள என்ன ரெண்டு பங்கு?" என்றார்.

 மாமா புது வேட்டியை உடுத்து மறுநாள் எங்களோடு வண்டிலில் ஏறிவிட்டார்.

முற்றத்து மணலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவின் பேர் வந்தது. எல்லாம் முடிந்ததும் வண்ணக்கர் வழக்கப்படி, "இன்னும் ஆரும் கிடக்கா?" என்று கேட்டார். யாரும் இருக்கமாட்டார்கள், அது வெறும் சொல்.

"நான் கிடக்கன்" என்றார் மாமா.

கைகளை ஊன்றி முன்னே நகர்ந்தார். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். வேட்டித் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, தட்டில் வைக்கக் கையை நீட்டினார். வண்ணக்கர் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். மாமா விழுந்த நாளில் அவரைத் தோளில் தூக்கி வந்தவர்களில் இந்த வண்ணக்கரும் ஒருவர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டது.

"தம்பி, கோவிக்காத. இது பிச்சைச் சம்பளக் காசு. பிச்சைக் காசை எடுத்து அம்மாளுக்கு வைக்கிற எப்பிடி?"

மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது. என் தலையணை திடீரென்று எழும்பியது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். ஆண்கள் கூடிய இடத்தில் அம்மா வாய் திறந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"இந்தப் புள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து மேலெல்லாம் கொப்பளிச்சப்ப நான் மடிப்பிச்சை எடுத்து நேர்த்தி வைச்சன்" என்றாள். "வீடு வீடாப் போய்க் கேட்டன். உங்கட வீட்டிலயும் கேட்டன், உங்கட பொஞ்சாதிதான் என்ட மடியில அரிசி போட்டா. அந்தப் பிச்சையை இந்தக் கையாலதான் வாங்கி வைச்சீங்க. அது கூடும், என்ட தம்பிட காசு கூடாதோ?"

பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வண்ணக்கர் பூசாரியாரைப் பார்த்தார். பூசாரியார் உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். வண்ணக்கர் தட்டை முன்னே தள்ளினார். நிமிர்ந்து நின்று மாமாவின் பேரை அவருடைய தகப்பன் பேரோடு சேர்த்து, மற்றவர்களுக்குக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார். குரவைச் சத்தம் என் காதை அடைத்தது. மாமா வெற்றிலையை வாயில் போடாமல் வீடு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஒரு மாதத்துக்குள் கச்சேரிக்கு ஒரு பெட்டிசம் போனது. கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு வசதியுள்ளவருக்கு ஏழைகளின் காசு எதற்கு என்பது அதன் சாரம் என்று பிற்காலத்தில் அம்மா சொன்னாள். எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்று குரவை இட்டவர்களில் ஒருவருடைய வீட்டிலிருந்தும் போயிருக்கலாம்.

விசாரணைக்கு ஐயா வருகிறார் என்று விதானையார் ஆள் அனுப்பியதும் ஊர் கலங்கிவிட்டது. இதுதான் எங்கள் ஊரின் குணம். உள்ளுக்குள் என்ன பேசினாலும், ஊர் ஆள் ஒருவரின் காசைக் கச்சேரி பறிப்பதென்றால் பொறுக்காது. முதல்நாள் மாலை வண்ணக்கரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பங்கு வைச்சது மச்சான்ட காசு, பேர்தான் உன்ட பேர் எண்டு நான் சொல்றன். விதானையாரும் அதத்தான் சொல்லுவார். நீ ஒண்டும் பேசவேணாம்."

"நீங்க தலையை ஆட்டினாக் காணும் மச்சான்" என்றார் அப்பா. "அவ்வளவுதான்."

"வீம்பு பிடிக்காத தம்பி" என்றாள் அம்மா. கோயிலில் தான் பேசியதால் வந்த வினை இது என்ற பயம் அவளுக்கு.

மாமா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அடுத்த தும்புப் பிரியை எடுத்துச் சேர்த்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கதிரை கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்கள். முதல்முறை வந்த அதே ஐயா. நான் அம்மாவுக்குப் பின்னால், அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்ணக்கர் சொன்னார். விதானையார் சொன்னார். அப்பா, காசு தன்னுடையது என்று மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஐயாவுக்கும் காரியத்தைச் சுலபமாக முடித்துவிட்டு வெயில் ஏறுமுன் தோணி ஏறத்தான் விருப்பம் என்பது முகத்தில் தெரிந்தது. எழுத ஆயத்தமாகிக்கொண்டு மாமாவைக் கேட்டார்.

"அப்படித்தானே?"

எல்லாரும் மாமாவின் தலையைப் பார்த்தார்கள். அது ஆடவில்லை.

"இல்ல ஐயா. அது என்ட காசு. நான்தான் வைச்சன்."

"அப்ப, மிச்சம் பிடிக்கிற அளவுக்கு உனக்குக் காசு வருது?"

"மிச்சம் வாறல்ல ஐயா. சுருட்டை விட்டன்."

ஐயா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு விதானையாரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். ஏதோ எழுதினார். வெட்டி வைத்த இளநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். படலையடியில் விதானையார் அப்பாவிடம் மெல்லிய குரலில் இரண்டு சொல் சொல்லிவிட்டுக் குடையோடு ஐயாவின் பின்னால் ஓடினார்.

அந்தச் சம்பளம் பிறகு ஒருபோதும் வரவில்லை. மாமா வாசலில் இருந்து எல்லாரும் பார்க்கக் கயிறு திரித்தார், வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். சில மாதம் கையில் ஒன்றுமில்லாமலும் இருந்தார். ஆனால் அவர் சாகும் வரைக்கும் ஒவ்வொரு சடங்கிலும் வண்ணக்கர் அவர் பேரைக் கூப்பிட்டார். வண்ணக்கர் இறந்த பிறகு அவருடைய மருமகன் கூப்பிட்டார். பங்கு சில வருடம் ஒரு சுற்றுக் கயிறாகவும் இருந்ததுண்டு.

இதையெல்லாம் நான் பிறகுதான் ஒன்றோடொன்று பொருத்தினேன். அன்றைக்கு நான் கண்டது வேறு. பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு எந்நேரமும் சொல்லித் தந்தவர்கள், மாமா உண்மையைச் சொன்னதும் அவரோடு கோபித்துக்கொண்டார்கள். அப்பா சாப்பிடாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டைக்குப் போய்விட்டார். அம்மா குசினிக்குள் அடுப்பு ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்தாள். மாமாவோ கிணற்றடிக்கு நகர்ந்து போய், என்னைத் தண்ணீர் வார்க்கச் சொல்லி நெடுநேரம் முழுகினார். தலையைத் துவட்டிக்கொண்டு கூத்துப் பாட்டு ஒன்றைப் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சோறு கேட்டார். மறுபடியும் கேட்டார்.

நான் அவர் பக்கத்தில் இருந்து அந்த முகத்தையே பார்த்தேன். இவ்வளவு சந்தோசத்துக்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்தேன். ஐயா எழுதியது என்ன என்பது உடனே எனக்கு விளங்கிவிட்டது. மாமாவின் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள்.