நட்டு தொங்கிய இடம்

ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இதைத் தொடங்குகிறேன். மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, என் சிநேகிதன் மணியின் மனைவி சாரதா தொலைபேசியில், "அண்ணா, இவர் போயிட்டார்" என்றாள். அக்கணமே கரமனை ஆறு ஒரு முழம் பின்னோக்கி ஓடியது. பார்த்தவன் நான்.

மணியின் ஜீப் பட்டறையை எங்கள் ஊரில் எல்லாரும் அறிவார்கள். செத்துப்போன மூன்று ஜீப்புகளிலிருந்து உயிருள்ள ஒன்றை எடுப்பான். கியர் ராடை மட்டும் எந்த அளவுகோலாலும் அளக்கமாட்டான். ஓட்டப்போகிறவரை இருக்கையில் உட்காரவைத்து, "கண்ணை மூடிண்டு கியர் போடுங்கோ" என்பான். வெறும் காற்றில் கை போய் நிற்கும் இடத்தில், கூரையிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிடுவான். ராடை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து அந்த நட்டுவரை கொண்டுவருவான். "கை தேடப்படாது, கேட்டோ. கம்பிதான் கையைத் தேடி வரணும்."

விழிஞ்ஞத்து மீன்காரர் ஒருவருக்கு அவன் செய்த ராடு, அவர் ஏறுமுன்பே முதல் கியருக்குப் போய்விட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்வேன். மணி மறுத்ததில்லை. "ரெண்டாவதுக்குடா" என்று திருத்துவான்.

சென்ற ஆண்டு பக்கவாதம் என் இடக்கையில் பாதியை எடுத்துக்கொண்டது. தோள் உயராது. வீட்டில் ஜீப் சாவியை ஒளித்துவிட்டார்கள். இனி என்னை எங்கும் யாராவது கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். மணிதான் வந்து வண்டியை ஓட்டிப்போனான். "கூப்பிடறேன், வா. அளவெடுக்கணும்." அளவெடுக்க மட்டும் கூப்பிடவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் சாரதா பட்டறையைத் திறந்தாள். வெட்டிய ராடு தரையில் கிடந்தது. என் ஜீப்புக்குள் நட்டு தொங்கியது. அத்தனை நாள் பூட்டிக் கிடந்த இடத்தில், காற்றே இல்லாமல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"யாரை வச்சு அளந்தான்?"

"யாருமே வரல்லையே அண்ணா."

ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினேன். இடக்கையைப் போகிற மட்டும் நீட்டினேன். நட்டு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுப் போனதுபோல வெதுவெதுப்பாக.

சாரதா சொன்னாள்: "நீங்க காப்பிக்கு வரச்சேல்லாம் டம்ளரை உங்க இடக்கைப் பக்கமா ஒருநாள் இங்கே வைப்பார், ஒருநாள் தள்ளி வைப்பார். உங்க கையையே பாத்துண்டிருப்பார். என்னத்துக்குன்னு கேட்டா, 'சும்மா இருடீ'ம்பார்."

வேறொரு பட்டறையில் அந்த அளவுக்கே ராடை வளைத்துக் கொடுத்தார்கள். இப்போது நானே ஓட்டுகிறேன். நட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆறு பின்னோக்கி ஓடவில்லை. நட்டு ஆடவும் இல்லை, சில்லென்றுதான் இருந்தது. கண்ணை மூடி நீட்டிய என் கைக்கு அது எட்டியது. அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.